பங்கு பிரிப்பதற்கு முன் உறவைச் சீர்செய்யுங்கள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். வானிலிருந்து மழையை இறக்கி, வறண்ட நிலத்தை உயிர்ப்பித்து, மனிதருக்கும் கால்நடைகளுக்கும் பறவைகளுக்கும் தாகம் தீர்க்கும் ஏக இறைவனுக்கே புகழனைத்தும். அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! அன்புச் சகோதரர்களே!

தண்ணீருக்காக மனிதன் மனிதனோடு சண்டையிடுவது புதிதன்று. பிணக்குக்குப் பின் அந்தத் தண்ணீரை இரு தரப்பாரும் மீண்டும் சேர்ந்து ஆள்வது எவ்வாறு என்பதே கேள்வி. இதற்கு நீதிமன்றம் ஒரு விடை தருகிறது. அரசாங்கம் ஒரு விடை தருகிறது. அவற்றுக்கு முன்னதாக அருள்மறை ஒரு விடை தந்திருக்கிறது. அதைத்தான் இந்த ஜும்ஆவில் சிந்திக்க இருக்கிறோம்.

பத்ரு களத்தின் பாடம்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போர் முடிந்தது. வெற்றி கிடைத்தது. வெற்றியோடு பொருள்களும் கிடைத்தன. அவற்றை யார் எடுத்துக்கொள்வது என்பதில் நபித்தோழர்களிடையே கருத்து வேற்றுமை எழுந்தது. எதிரியைத் துரத்திச் சென்றவர்கள் தமக்கே உரிமை என்றார்கள். பொருள்களைத் திரட்டியவர்கள் தமக்கே என்றார்கள். நபி (ஸல்) அவர்களைச் சூழ்ந்து நின்று காத்தவர்களும் தம் பங்கைக் கோரினார்கள். இந்த விஷயத்தில் தங்கள் நடத்தை சீர்கெட்ட வேளையில்தான் அந்த இறைவசனம் இறங்கியது என்று ஹழ்ரத் உபாதா இப்னு ஸாமித் (ரழி) அவர்கள் பிற்காலத்தில் வெளிப்படையாகவே அறிவித்தார்கள்.

அல் அன்ஃபால் அத்தியாயத்தின் முதல் வசனத்தை ஓதிப் பாருங்கள். பங்கு பற்றித்தான் கேள்வி எழுந்தது. ஆனால், அல்லாஹு தஆலா அங்கே பங்கைச் சொல்லவில்லை. முதலில், அப்பொருள் எவருடைய சொந்தமும் அன்று, அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் உரியது என்கிறான். அடுத்து, இறைவனை அஞ்சி உங்களுக்கிடையிலான உறவைச் சீர்செய்துகொள்ளுங்கள் எனப் பணிக்கிறான். அப்படியானால் பங்கு எங்கே வருகிறது? நாற்பது வசனங்களைக் கடந்து, 41ஆம் வசனத்தில்தான் ஐந்தில் ஒரு பாகம் இன்னாருக்கு என்ற கணக்கு வருகிறது.

சகோதரர்களே! இந்த வரிசையை மனத்தில் பதியுங்கள். முதலில் உடைமை பற்றிய தெளிவு: இது இறைவன் தந்த அமானிதம். இரண்டாவது, உறவின் சீர்திருத்தம். மூன்றாவதாகத்தான் பங்கீடு. உலகம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறது. முதலில் கணக்குப் போடுகிறது, பிறகு வழக்காடுகிறது, உறவு முறிந்த பின், நான்கு பேரை அழைத்துச் சமாதானக் கூட்டம் நடத்துகிறது.

காவிரி: கணக்கால் ஆறாத புண்

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாக ஓடும் கொள்ளிடம் காவிரியின் கிளை. திருமானூர் வட்டாரத்து வயல்களுக்கும் கரைவெட்டி ஏரிக்கும் நீர் கொணரும் புள்ளம்பாடி வாய்க்கால் காவிரியின் பிள்ளை. பெரம்பலூர் நகரத்துக் குடிநீர்க் குழாயில் வருவதும் கொள்ளிடத்துத் தண்ணீர்தான். ஆகவே, காவிரியின் வழக்கு தஞ்சைக்காரர்களின் வழக்கு மட்டுமன்று, நம்முடையதும்கூட.

1924ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின் பங்கீட்டு விதிகள், 50 ஆண்டுகளுக்குப் பின் 1974இல் மறுபரிசீலனைக்கு வந்தன. அதன் பின் பேச்சு வார்த்தைகள் பல நடந்தும் முடிவு கிட்டவில்லை. 1990 ஜூன் 2ஆம் நாள் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 1991இல் அது ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தமிழகத்துக்கு வர வேண்டும் என இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஆணையில் கணக்குத் தெளிவாக இருந்தது. ஆனால், அவ்வாண்டின் இறுதியில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின, பல்லாயிரவர் வீடு வாசலை விட்டு ஓடி வந்தார்கள். தாளில் எழுதிய கணக்கு, தெருவில் எரிந்த தீயைத் தணிக்கவில்லை.

2002இல் மழை பொய்த்தது. மீண்டும் பதற்றம். கர்நாடகத்தில் கபினி அணையில் ஒரு விவசாயி குதித்து உயிரை விட்டார். இங்கே, வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை திறக்கப்படாமல், குறுவைப் பயிர் இல்லாமற் போனது. அங்கும் அழுகை, இங்கும் அழுகை. ஆனால், அங்கு அழுதவரின் முகத்தை இங்குள்ளவர் பார்த்ததில்லை. இங்கு அழுதவரின் முகத்தை அங்குள்ளவர் பார்த்ததில்லை.

காவிரிக் குடும்பம்

இந்தச் சூழலில்தான் 2003ஆம் ஆண்டு ஒரு புதிய முயற்சி முளைத்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முன்னின்று, இரு மாநில விவசாயிகளையும் நேருக்கு நேர் அமரச் செய்தார். தமிழகத்திலிருந்து மன்னார்குடி எஸ். ரங்கநாதன் வந்தார், காவிரி வழக்கை நீதிமன்றம் வரை கொண்டு சென்ற விவசாயிகளுள் ஒருவர் அவர். கர்நாடகத்திலிருந்து மாண்டியாவின் விவசாயத் தலைவர் கே.எஸ். புட்டண்ணையா வந்தார், தண்ணீர் விடக்கூடாது எனப் போராட்டம் நடத்தியவர் அவர். எதிரெதிர்க் களத்தில் நின்ற இருவரும் ஒரே அவையில் அமர்ந்தார்கள். அந்த அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'காவிரிக் குடும்பம்'. வாரியம் என்றோ ஆணையம் என்றோ பெயரிடவில்லை. குடும்பம் என்று பெயரிட்டார்கள்.

அவர்கள் செய்தது என்ன? இங்குள்ள விவசாயிகள் அங்கே சென்றார்கள். அங்குள்ள விவசாயிகள் டெல்டாவுக்கு வந்தார்கள். ஒருவர் வயலில் மற்றவர் நடந்தார். மேல்மடையில் இருப்பவன் தண்ணீரில் மிதக்கிறான் என்று எண்ணியிருந்தவர் அங்கே காய்ந்த நிலத்தைக் கண்டார். கீழ்மடையில் இருப்பவன் மூன்று போகம் விளைத்து வீணடிக்கிறான் என்று எண்ணியிருந்தவர் இங்கே வெடித்த வயலைக் கண்டார். அதன் பிறகே, மழை குறைந்த ஆண்டில் இழப்பை எப்படிப் பங்கிட்டுக் கொள்வது என்ற பேச்சுக்கு வழி திறந்தது. நிறைவைப் பங்கிடுவது எளிது. குறையைப் பங்கிட உறவு வேண்டும்.

உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். காவிரிக் குடும்பம் இறுதி உடன்பாடு எதையும் கொண்டு வந்து சேர்க்கவில்லை. 2007 பிப்ரவரி 5ஆம் நாள் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. 2016 செப்டம்பரில் பெங்களூரில் மீண்டும் கலவரம் மூண்டு, தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் கொளுத்தப்பட்டன. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அமைந்தது. அப்படியென்றால் விவசாயிகளின் சந்திப்புகள் வீணா? இல்லை. பல மாநிலங்களில் ஓடும் நதியை எந்த மாநிலமும் தனியுடைமையாக உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியதே, அந்த உண்மையைத்தான் 15 ஆண்டுகளுக்கு முன் அந்த விவசாயிகள் ஒன்றாக அமர்ந்து வாழ்ந்து காட்டினார்கள். தீர்ப்பு கதவைத் திறக்கச் செய்யும். திறந்த கதவு பகையின்றித் திறந்தே இருக்க மனிதர்கள் தேவை.

மதீனாவின் வாய்க்கால்

நம் நபி (ஸல்) அவர்களின் திருச்சபைக்கும் வாய்க்கால் வழக்கு வந்தது. ஹர்ரா என்னும் கற்பாங்கான நிலத்திலிருந்து இறங்கி வரும் ஓடை நீரைக் கொண்டு பேரீச்ச மரங்களுக்குப் பாய்ச்சுவார்கள். மேல்மடை ஹழ்ரத் ஸுபைர் (ரழி) அவர்களுடையது. கீழ்மடை அன்ஸாரிகளில் ஒருவருடையது. தண்ணீரைத் தடுக்காமல் விட வேண்டும் என்று அவர் கோரினார். ஸுபைர் (ரழி) மறுத்தார்கள். புகாரி நூலில் பதிவான இந்த வழக்கில், மேல்மடைக்காரர் தம் மரங்களுக்குப் பாய்ச்சிக்கொண்டு, பின்பு அண்டை நிலத்துக்கு விட்டுவிட வேண்டும் என்று பெருமானார் (ஸல்) முதலில் கூறினார்கள். அது இருவருக்கும் இதமான வழி. ஸுபைர் (ரழி) தம் முழு உரிமையில் சிறிது விட்டுக்கொடுக்கும்படியான வழி.

ஆனால் அந்த அன்ஸாரி, ஸுபைர் தங்களின் மாமி மகன் என்பதால்தானே இப்படிச் சொல்கிறீர்கள் என்று பேசிவிட்டார். அண்ணலாரின் முகம் நிறம் மாறியது. அதன் பிறகே, பாத்தியின் வரப்பைத் தொடும் வரை நீரைத் தேக்கிக்கொள்ள ஸுபைருக்கு உரிமை உண்டு என முழுச் சட்டத்தையும் தீர்ப்பாக வழங்கினார்கள்.

இதன் உட்பொருளைக் கவனியுங்கள். உறவின் வழி முதலில் வைக்கப்பட்டது. அதில் கீழ்மடைக்காரருக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். உறவை அவர் சந்தேகித்தார்; கையில் மிஞ்சியது வெறும் சட்டம். அந்தச் சட்டத்தில் அவருக்குக் கிடைத்தது குறைவு. சந்தேகம் தண்ணீரைக் கூடத் தடுத்துவிடுகிறது.

மஹ்ஸூர் என்னும் ஓடையின் விஷயத்திலோ, மேல்மடைக்காரர் கணுக்கால் அளவு தேக்கிய பின் கீழ்மடைக்கு விட்டுவிட வேண்டும் என்ற விதியை அண்ணலார் (ஸல்) வகுத்தார்கள். ஸாலிஹ் (அலை) அவர்களின் சமூகத்துக்கோ, ஒட்டகத்துக்கு ஒரு நாள், மக்களுக்கு ஒரு நாள் என முறை வைக்கப்பட்டது. வாயில்லா ஜீவனின் முறையைப் பொறுக்காத ஸமூது கூட்டத்தார் அதனை வெட்டி வீழ்த்தி, தாமும் அழிந்தார்கள். நம் பெரியோர் 'முறைத் தண்ணீர்' என்று சொல்வார்களே, அந்த முறையை மீறுவது எவ்வளவு பெரிய பாவம் என்பதற்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமா?

தேவாலய வாசலில் ஒரு நீர் மன்றம்

ஸ்பெயின் நாட்டில் வாலென்சியா என்றொரு நகரம். முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் அங்கே வாய்க்கால் பாசனம் செழித்தது. வாய்க்காலைக் குறிக்க இன்றும் அந்நாட்டார் வழங்கும் சொல், 'ஸாகியா' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. 1238இல் ஜேம்ஸ் என்னும் கிறிஸ்தவ மன்னர் அந்நகரைக் கைப்பற்றினார். பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் தேவாலயம் எழுந்தது. ஆனால், வாய்க்கால்களை முஸ்லிம்கள் காலத்து வழக்கப்படியே ஆள வேண்டும் என்று அந்த மன்னரே உத்தரவிட்டார்.

அங்கு வாய்க்கால் வழக்குகளைத் தீர்க்கும் நீர் மன்றம் இன்றும் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் தேவாலயத்தின் வாசலில் கூடுகிறது. வழக்கறிஞர் இல்லை, எழுத்துமூல வாதம் இல்லை. ஒவ்வொரு வாய்க்காலின் விவசாயிகளும் தேர்ந்தெடுத்த ஒரு விவசாயியே நீதிபதி. தேவாலயத்துக்குள் நுழையாத முஸ்லிம் விவசாயிகளும் வழக்குரைக்க வசதியாகவே மன்றம் வாசலில் கூடியது என்று அவ்வூரார் மரபாகச் சொல்வார்கள். 2009இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது.

முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் 1609இல் அந்த மண்ணிலிருந்து நாடு கடத்தப்பட்டார்கள் என்பது கசப்பான வரலாறு. ஆயினும், போருக்குப் பின்னும் தண்ணீர் ஓடியதற்குக் காரணம், வென்றவர் தோற்றவரின் முறையை மதித்ததுதான்.

நம் ஊர் ஏரிக்கரையில்

அன்புச் சகோதரர்களே! பெரம்பலூரும் அரியலூரும் மானாவாரிப் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மழையையும் கிணற்றையும் ஏரியையும் நம்பி விளைகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே முதலாம் இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் என்னும் பொன்னேரி, பன்னூறாண்டுகளுக்குப் பின் கரை சிதைந்து மேடுதட்டிப் போனதை நாம் அறிவோம். அரசன் கட்டிய ஏரியும் பராமரிப்பார் இல்லாவிடில் மண்மேடுதான். இதற்கு மாறாக, கரைவெட்டி ஏரியைப் பாருங்கள். அது வயலுக்கும் நீர் தருகிறது. பல்லாயிரம் மைல் கடந்து வரும் பறவைகளுக்கும் தங்குமிடம் தருகிறது. 1999இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் உலகச் சிறப்பு வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஆனது. விவசாயியின் மதகும் பறவையின் கூடும் ஒரே ஏரியில் இருக்க முடிகிறது. மனிதரும் மனிதரும் ஒரே ஏரியில் இருக்க முடியாதா?

உறவு சண்டையால் மட்டும் முறிவதில்லை. விலகிப் போவதாலும் முறிகிறது. இதை நம் சமுதாயம் குறிப்பாகச் சிந்திக்க வேண்டும். நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பணத்தில் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு போடுகிறோம். மோட்டார் விசையைத் தட்டினால் தண்ணீர் வருகிறது. அதன் பிறகு ஏரி நிறைந்ததா, வரத்து வாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறதா, கலிங்கு உடைந்ததா என்று நாம் கேட்பதில்லை. ஏரிக் கூட்டத்துக்கு நம் முஹல்லாவிலிருந்து எவரும் செல்வதில்லை. பிறகு ஒரு நாள் வாய்க்கால் தகராறு வந்தால், அங்கே நம்மை அறிந்தவர் ஒருவரும் இருப்பதில்லை. அறிமுகம் இல்லாத இடத்தில் வதந்திக்கு வேலை எளிது. வரப்புத் தகராறு சாதித் தகராறாகவும் மதத் தகராறாகவும் உருமாறுவது இப்படித்தான்.

நீதியில்லாத சமாதானம் சமாதானமன்று

இங்கே சிலர் கேட்கலாம்: அநீதி இழைத்தவர்கள் அவர்கள், நாம் ஏன் இறங்கிப் போக வேண்டும்? நியாயமான கேள்வி. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9ஆம் வசனம் இரு சாராரிடையே சமாதானம் செய்யப் பணிக்கும்போது, நீதியோடு செய்யும்படியே பணிக்கிறது. ஆகவே, பலவீனரின் வாயை அடைத்து, கடைமடைக்காரனை மேலும் காய விட்டு, ஊர் அமைதியாக இருக்கிறது என்று சொல்வது இஸ்லாம் காட்டும் ஸுல்ஹு அன்று. சாதியின் பெயரால் ஒருவருக்குக் குளத்தில் இறங்கத் தடை இருக்குமானால், அங்கே தடையை நீக்குவதே முதல் சமாதானம். அந்தத் தடையைக் கண்டும் காணாமல் செல்லும் முஸ்லிமுக்கு, தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என அண்ணலார் (ஸல்) அறிவித்ததை நினைவூட்ட வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது ரூமா என்னும் கிணற்றுத் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. ஹழ்ரத் உஸ்மான் (ரழி) அவர்கள் தம் சொந்தச் செல்வத்தால் அதை வாங்கி, செல்வருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் பொதுவாக்கினார்கள். கிணறு பொதுவானபோது தண்ணீரின் பேரால் யாரும் யாரிடமும் கையேந்தி நிற்க வேண்டிய நிலை நீங்கியது. உறவு சீராக, வசதி உள்ளவர் முதலில் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஆயக்கட்டில் நிலமுள்ள ஒவ்வொரு ஜமாஅத்தும், ஏரிக் கூட்டத்துக்கும் பாசன சங்கத்துக்கும் பொறுப்பான ஒருவரை அனுப்புங்கள். தூர்வாரும் வேலையில் ஊரார் எவ்வளவு தருகிறார்களோ அவ்வளவு நாமும் தருவோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தம் பங்கைப் பணமாக அனுப்பட்டும். இங்கிருக்கும் இளைஞர்கள் மண்வெட்டியோடு செல்லட்டும்.

இரண்டாவதாக, பேச்சைக் கோடையிலேயே பேசுங்கள். சித்திரை, வைகாசியில் அண்டை ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து தேநீர் அருந்தியபடி பேச முடிவதை, ஐப்பசி மழையில் மதகடியில் நின்று பேச முடியாது. அவர்கள் ஊர் வயலை நாம் நடந்து பார்ப்போம். நம் வயலுக்கு அவர்களை அழைப்போம். காவிரிக் குடும்பத்தார் இரு மாநிலங்களுக்கு இடையே செய்ததை, நாம் இரு தெருக்களுக்கு இடையே செய்யலாகாதா?

மூன்றாவதாக, புதிய ஆழ்துளைக் கிணறு போடும் முன் அண்டை நிலத்தாரிடம் ஆலோசியுங்கள். கிணற்றைச் சுற்றி 'ஹரீம்' என்னும் காப்பெல்லை உண்டென்றும், அது 40 முழம் என்றும், அதற்குள் பிறர் கிணறு தோண்டலாகாது என்றும் ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் வகுத்துள்ளன. கையால் இறைத்த காலத்துக்கு 40 முழம். நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து மோட்டார் இழுக்கும் காலத்தில், அந்த விதியின் நோக்கம் எவ்வளவு தூரம் நீளும் என்று நம் மனசாட்சியைக் கேட்போம்.

நான்காவதாக, பள்ளிவாசலின் வெளிச்சுவரில் எவரும் வந்து பிடித்துக்கொள்ள ஒரு குடிநீர்க் குழாய் வையுங்கள். பெயரும் ஊரும் கேட்காமல் தரப்படும் தண்ணீர் பல ஆண்டுப் பிணக்கைக் கரைக்கும். முத்தவல்லிமார்களும் நிர்வாகிகளும் இதனை ஸதக்கத்துல் ஜாரியாவாகக் கருத வேண்டும்.

ஐந்தாவதாக, தகராறு நேர்ந்த நாளில் கைப்பேசியில் வரும் செய்தியைப் பரப்பாதீர்கள். இருவருக்கிடையே உறவைச் சீர்செய்வது உபரியான நோன்பையும் தொழுகையையும் தர்மத்தையும்விடச் சிறந்தது என்றும், உறவைக் கெடுப்பது மார்க்கத்தையே மழித்துவிடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நாம் ஒரு விரலால் அனுப்பும் செய்தி அந்த மழிக்கும் கத்தியாக ஆகிவிடக் கூடாது.

சகோதரர்களே! மறுமையில், உபரித் தண்ணீரை வழிப்போக்கனுக்குத் தராமல் தடுத்தவனை அல்லாஹ் அருளோடு பார்க்கமாட்டான் என்று நபிமொழி எச்சரிக்கிறது. ஒரு மிடறு தண்ணீருக்கு இவ்வளவு கேள்வி என்றால், ஓர் ஏரிக்கு எவ்வளவு? ஓர் ஆற்றுக்கு எவ்வளவு?

இறைவா! எங்கள் ஏரிகளையும் ஆறுகளையும் கிணறுகளையும் நிறைப்பாயாக! அவற்றை உன் அமானிதம் என உணரும் அறிவைத் தருவாயாக! எங்களுக்கும் எங்கள் அண்டை வீட்டாருக்கும், எங்கள் ஊருக்கும் அண்டை ஊருக்கும், எங்கள் மாநிலத்துக்கும் அண்டை மாநிலத்துக்கும் இடையிலான உறவைச் சீராக்குவாயாக! வறட்சிக் காலத்தில் குறையைப் பகிர்ந்துகொள்ளும் பொறுமையையும், நிறைவுக் காலத்தில் கடைமடையை நினைக்கும் ஈரத்தையும் எங்கள் நெஞ்சங்களில் சுரக்கச் செய்வாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!